எல்லைக்குள் வந்தால் நிலம் போய்விடுமா?
சி.எம்.டி.ஏ-வுக்கு உள்ள அதிகாரமும் இல்லாத அதிகாரமும்

"தம்பி, எங்க நிலம் இருக்கிற ஊரு சி.எம்.டி.ஏ-வுக்குள்ள வந்துடுச்சாம். இன்னும் கொஞ்ச நாள்ல அவங்களே எடுத்துக்குவாங்க, அதுக்குள்ள வித்துடுங்கன்னு புரோக்கர் சொல்றான். அட்வான்ஸ் பணத்தைக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். நான் என்ன பண்றது?"

சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்பு இது. பேசியவர் சென்னை ஆதம்பாக்கத்தில் குடியிருக்கும் 68 வயது வாசகர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நிலம் இருப்பது அரக்கோணம் வட்டத்தில். இரண்டு காணி நஞ்சை, ஒரு கிணறு, வரப்போரம் பத்துத் தென்னை. இதே கேள்வியைக் கேட்டு திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அதனால், அவரை நேரில் பார்க்க ஆதம்பாக்கம் போனோம்.

ஆதம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் அழைத்துப்போனார். ஏரி இருக்கிறது. பாயக் கழனிதான் இல்லை. சுற்றிலும் வீடுகள்.

"இந்த ஏரித் தண்ணியிலதான் எங்க அப்பாரு ஒரு போகம் எடுத்தாரு. ஒருநாள் ஒருத்தன் வந்து, 'பட்டணம் வருது, அரசாங்கம் எடுத்துக்கும், வந்த விலைக்குக் குடுத்துடு'ன்னான். பயந்துட்டுக் குடுத்துட்டாரு. அரசாங்கம் எடுக்கவே இல்ல தம்பி. வாங்கினவன் மனை போட்டு வித்தான். அந்தக் காசுலதான் அரக்கோணம் பக்கம் ரெண்டு காணி வாங்கினோம். இப்ப அதே பேச்சு அங்கேயும் வந்துடுச்சு" என்றார்.

ஒரு குடும்பத்தை இரண்டு தலைமுறையாகத் துரத்தும் இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் என்ன பதில் இருக்கிறது என்று பார்ப்போம்.

சட்டம் பெற்ற பிள்ளை

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்தான் சி.எம்.டி.ஏ. 1972-ல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1974-ல் சட்டப்படியான அமைப்பானது. இதைப் பெற்ற தாய், 'தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971'. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இதன் அலுவலகம் இருக்கிறது.

இங்கே ஒரு அடிப்படையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். சட்டத்தால் உருவான ஓர் அமைப்பு அப்படி இல்லை. சட்டம் 'செய்' என்று எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் அது செய்ய முடியும். எழுதிக் கொடுக்காத வேலையை அது செய்தால், அந்த உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே, எந்த அதிகாரி வந்தாலும் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "ஐயா, இது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?"

குழுமத்தின் எல்லை நீண்ட காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அரசு இதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. சென்னை தவிர, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் பகுதிகள் இதில் வருகின்றன. ஏர் ஓடும் கிராமங்கள் நிறைய உள்ளே வந்தது இப்படித்தான்.

ஆனால், புதிதாகச் சேர்ந்த ஊர்கள் அதற்கு முன்பு சட்டமே இல்லாத ஊர்களாக இருக்கவில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககம் என்ற துறையின் பார்வையில் இருந்தன. அந்தத் துறை நடப்பதும் இதே 1971 சட்டத்தின்படிதான். அலுவலகம் மாறியிருக்கிறது. உங்கள் பட்டாவில் இருக்கும் பெயர் மாறவில்லை.

என்ன செய்ய முடியும்?

ஒன்று, திட்டம் போட முடியும். ஒரு பகுதி முழுவதற்கும் முழுமைத் திட்டம், சிறு பகுதிகளுக்கு விரிவான வளர்ச்சித் திட்டம் என்று வரைபடம் தயாரிக்கும். எந்த சர்வே எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம், எங்கே சாலை என்று அதில் குறிக்கப்படும். முதல் முழுமைத் திட்டம் 1976-ல் வந்தது. இரண்டாவது, 2026-ஐ இலக்காக வைத்து 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது திட்டத்துக்கான வேலை விரிந்த எல்லைக்காக நடந்துவருகிறது.

இரண்டு, பயன்பாட்டைக் கட்டுப்படுத்த முடியும். திட்டம் நடைமுறைக்கு வந்தபின், அதற்கு மாறாக யாரும் நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது சட்டத்தின் 47-வது பிரிவு. கட்டடம் கட்ட, மனைப்பிரிவு போட, விவசாய நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற, 49-வது பிரிவின்படி திட்ட அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

மூன்று, தடுக்க முடியும். அனுமதி இல்லாமல் நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்லவும் (57-வது பிரிவு), கட்டியதை அகற்றச் சொல்லவும் (56-வது பிரிவு) அதிகாரம் உண்டு. அகற்றச் சொல்வதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும்.

இந்த மூன்றும் சாதாரண அதிகாரம் இல்லை. உங்கள் நிலம் 'விவசாயம்' என்று வரைபடத்தில் இருந்தால், சாலையோர மனைக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. பக்கத்துச் சர்வே எண் 'தொழிற்சாலை' ஆகிவிட்டால், உங்கள் கிணற்றுக்கும் கால்வாய்க்கும் கவலை வந்துவிடும். வரைபடத்தில் பூசும் நிறம், வயலில் விளையும் வருமானத்தைத் தொடும். அதனால்தான் அந்த நிறம் பூசப்படும் நேரத்தில் விவசாயி விழித்திருக்க வேண்டும்.

என்ன செய்ய முடியாது?

எல்லைக்குள் வந்த காரணத்தால் மட்டும் ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் குழுமம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது. பட்டா கொடுப்பதும் மாற்றுவதும் வருவாய்த் துறையின் வேலை. நீங்கள் உழுதுவரும் நிலத்தில் தொடர்ந்து உழுவதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை. நெல்லை விட்டு வேர்க்கடலைக்கு மாறினால், அது பயிர் மாற்றமே தவிர, நிலப் பயன்பாட்டு மாற்றம் ஆகாது.

வரைபடத்தில் உங்கள் நிலத்தின் குறுக்கே சாலைக் கோடு போட்டிருந்தால்? கோடு போட்டவுடன் நிலம் போய்விடாது. 36, 37-வது பிரிவுகளின்படி, அந்த நிலத்தைப் பேசி விலைக்கு வாங்க வேண்டும். இல்லையென்றால், நில எடுப்புச் சட்டத்தின் வழியில் போக வேண்டும். சட்டத்தின் துணை இல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது என்பது நம் அரசியல் சாசனத்தின் 300-அ பிரிவு.

இதற்கு ஆதம்பாக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் பாதையை 5 கிலோமீட்டர் நீட்டும் வேலை 2008-ல் தொடங்கியது. பெரும்பகுதி தூண்கள் எழும்பிய பிறகும், ஆதம்பாக்கம் பகுதியில் சுமார் 500 மீட்டர் மட்டும் நின்றுபோனது. நிலத்தின் உரிமையாளர்கள் இழப்பீட்டுக்காக நீதிமன்றம் போனதுதான் காரணம். பத்தாண்டுக்கும் மேல் அந்த இடைவெளி அப்படியே கிடந்தது. ரயில் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். விவசாயிக்கு இதில் உள்ள செய்தி ஒன்றுதான். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செய்யும் திட்டத்துக்குக்கூட, சட்டப்படியான வழியை முடிக்காமல் 500 மீட்டரைத் தாண்ட முடியவில்லை.

எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது?

நிலம் எடுக்க நோட்டீஸ் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது தலைப்பில் எழுதியிருக்கும் சட்டத்தின் பெயர். எல்லாச் சட்டமும் ஒன்றில்லை.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசின் 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தால், முதல் அறிவிக்கையிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு நடக்க வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தை, வேறு வழியே இல்லாத நிலையில்தான் தொட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஊரகத்தில் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்கி, மரம், கிணறு, கட்டட மதிப்பைச் சேர்த்து, அதே அளவு ஆறுதல் தொகையும் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னும் மூன்று மாநிலச் சட்டங்கள் உண்டு. நெடுஞ்சாலைக்கு 2001 சட்டம், தொழிற்சாலைத் திட்டங்களுக்கு 1997 சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு 1978 சட்டம். இவை செல்லாது என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. அது செல்லும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த மூன்றிலும் இழப்பீடு 2013 சட்டக் கணக்கில்தான். ஆனால், சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. ஆட்சேபத்துக்கான கெடுவும் வேறு. நோட்டீஸில் எழுதியிருக்கும் நாளை வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் உள்ளிட்ட கிராம மக்கள் 2022-லிருந்து போராடிவருவது நமக்குத் தெரியும். அங்கே நிலம் எடுப்பு நடப்பது 1997 தொழிற்சட்டத்தின்படி. அதை சி.எம்.டி.ஏ எல்லை விரிவாக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டால், ஆட்சேபத்தைத் தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். கெடு ஓடிவிடும்.

வாசகர்கள் கேட்ட கேள்விகள்

என் நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சர்வே எண், உட்பிரிவு எண், கிராமத்தின் பெயர் மூன்றையும் எழுதி, நில உபயோக விவரம் கேட்டுக் குழும அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதில் வரவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். புரோக்கர் செல்போனில் காட்டும் வரைபடத்தை நம்ப வேண்டாம்.

விவசாய வகைப்பாட்டில் இருந்தால், கொட்டகைகூடப் போட முடியாதா?

போடலாம். விவசாய வகைப்பாட்டில், விவசாயத்தோடு சேர்ந்த வேலைகளுக்கு இடம் உண்டு. பண்ணை வீடு, கோழிப் பண்ணை, பால் குளிரூட்டும் நிலையம், விளைபொருள் சேமிப்பு போன்றவை அந்தப் பட்டியலில் வரும். நிரந்தரக் கட்டடம் என்றால், அனுமதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பிறகு வங்கிக் கடன், மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் உதவும்.

பல வருடமாக என் நிலத்தில் சாலைக் கோடு இருக்கிறது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. எத்தனை காலம்தான் பொறுப்பது?

சட்டத்தின் 38-வது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. சாலை, பூங்கா, பள்ளி என்று ஒரு பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய நிலத்தை, திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பேசி வாங்கியிருக்க வேண்டும். அல்லது நில எடுப்புக்கான அறிவிப்பு வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். அரசிதழ் தேதியைக் கேட்டு வாங்கி, 38-வது பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். கிடைக்கும் பதிலோடு வழக்கறிஞரைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 'விவசாயம்', 'குடியிருப்பு' என்ற வகைப்பாடு வேறு, பொதுக் காரியத்துக்கான ஒதுக்கீடு வேறு. 3 ஆண்டுக் கணக்கு ஒதுக்கீட்டுக்குத்தான்.

நிலத்தை மனையாகப் பிரித்து விற்றுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். அனுமதியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

வேண்டாம். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டதை நினைத்துப் பாருங்கள். பிறகு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அவையும் 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள் விற்ற மனைகளுக்கான சலுகைதான். இன்று புதிதாகப் பிரித்தால், பத்திரப் பதிவு நிற்கும். வாங்கியவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். 'பவர்' எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கும்.

பக்கத்து நிலத்தைத் தொழிற்சாலை வகைப்பாட்டுக்கு மாற்றப் போவதாக நாளிதழில் அறிவிப்பு பார்த்தேன். நான் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். இப்படிப்பட்ட மறுவகைப்பாட்டு அறிவிப்பில் ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம் தருவார்கள். 'எதிர்க்கிறேன்' என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. அந்த நிலத்தின் வழியாகப் போகும் பாசனக் கால்வாய், வண்டிப்பாதை, உங்கள் கிணற்றுக்கும் அதற்கும் உள்ள தூரம், ஏரி வரத்து, இவற்றைச் சர்வே எண்ணோடு எழுதுங்கள். புலப்பட நகலை இணையுங்கள். பத்துப் பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேரும் அவரவர் பாதிப்பைத் தனித்தனி மனுவாகக் கொடுப்பது நல்லது. ஏரி, கால்வாய் சம்பந்தப்பட்டிருந்தால், நீர்வளத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன?

பலரும் செய்யும் தப்பு இது. நீங்கள் வாங்காவிட்டாலும் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். கொடுத்ததாகவே கணக்கு. கெடு ஓடத் தொடங்கிவிடும், உங்கள் கையில் காகிதம் மட்டும் இருக்காது. வாங்குங்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பதிலைத் தபாலில் அனுப்பி, அதற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால், நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, அதை அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்து, ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்பார்கள். இதற்குக் குறைந்தது 2 மாதம் அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். ஒரு விவசாயியின் குரலுக்கு அதிக மதிப்பு இருக்கும் நேரம் அதுதான். திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால், ஒரு சர்வே எண்ணை மாற்றவும் தனியாக அலைய வேண்டும்.

அதற்குமுன் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஐந்தையும் புதிதாக எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். அப்பா, தாத்தா பெயரில் பட்டா இருந்தால், வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். நோட்டீஸும் இழப்பீடும் ஆவணத்தில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். அடங்கலில் சாகுபடி சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். 'தரிசு' என்று எழுதியிருந்தால், விளையும் நிலம் என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம். ஊர் ஏரி, வரத்துக் கால்வாய், மேய்ச்சல் நிலம் இவற்றின் சர்வே எண்களைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்து, வரைபடத்தில் அப்படியே காட்டும்படி குழுமத்துக்கு அனுப்புங்கள்.

இதையெல்லாம் ஏரிக்கரையில் நின்றபடியே ஆதம்பாக்கம் பெரியவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "விக்கவே கூடாதுன்னு சொல்றீங்களா தம்பி?" என்றார்.

அப்படிச் சொல்லவில்லை. நிலம் அவருடையது. விற்பதும் வைத்திருப்பதும் அவர் முடிவு. பிள்ளை படிப்புக்கோ, வைத்தியத்துக்கோ, உழ ஆளில்லை என்றோ விற்கலாம். ஆனால், 'எடுத்துக்கொள்வார்கள்' என்ற பொய்யான பயத்தில், அந்தப் பயத்தைக் கிளப்பியவரிடமே அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு எங்க அப்பாருகிட்ட யாராவது இதைச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் முன் மீண்டும் பேசினோம். அட்வான்ஸ் வாங்கவில்லையாம். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது இப்போதுதான் தெரிந்ததாம். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, சம்பா நாற்று விட அரக்கோணம் கிளம்பிக்கொண்டிருந்தார்.